ஒரு மண்டலத்தில் எத்தனை கிலோ?

மதுரையில் உணவைப் பற்றிய புராணக் கதை என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் குண்டோதரன். அன்னை மீனாட்சியின் திருக்கல்யாணத்தில் மிஞ்சிய அன்னம் முழுவதையும் உண்டும் பசி அடங்காத அந்தப் பூதகணத்துக்காக ஈசன் அன்னக்குழியை வரவழைத்தார். அவன் தாகம் தீர வைகையையும் வரவழைத்தார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதனை விரித்துரைக்கிறது.

மலையளவு அன்னத்தை ஒரே வேளையில் ஏற்பது பூதகணத்துக்கே ஆகும். மானிட உடம்பின் இயல்பு வேறு. நம்மிடம் கூடியிருக்கும் பத்து கிலோ ஒரு விருந்தில் வந்ததன்று. ஆண்டுக்கு அரைக் கிலோ வீதம் இருபது ஆண்டுகளில் சேர்ந்தது. ஆயினும், அதைக் குறைக்க முற்படும்போது மட்டும் ஒரே மாதத்தில் பலன் காண விழைகிறோம்.

இந்த அவசரமே பலரது நன்முயற்சியைக் கெடுக்கிறது. இரண்டு வாரம் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் ஒதுக்கிவிட்டு எடை பார்க்கிறார்கள். எண் மாறவில்லை என்றதும், "நம் உடல்வாகே இப்படித்தான்" என்று பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். வேறு சிலர் பிடிவாதமாகப் பட்டினி கிடந்து மயங்கி விழுகிறார்கள்.

எதிர்பார்ப்புக்கு ஒரு கணக்கு

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. மாலைச் சிற்றுண்டியில் இரண்டு வடையையும் சர்க்கரை சேர்த்த ஒரு காப்பியையும் விட்டால் சுமார் 250 கலோரி குறையும். நாள்தோறும் 250 முதல் 500 கலோரி வரை குறைத்தால் வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை இறங்கலாம். நமக்குப் பழகிய அளவில் சொன்னால், 48 நாள் கொண்ட ஒரு மண்டலத்தில் ஒன்றரை முதல் மூன்று கிலோ. இதற்கு மேல் வாக்களிக்கும் விளம்பரங்களை ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

இந்தக் கணக்கும் நேர்கோட்டில் செல்லாது. முதல் வாரத்தில் விரைவாகக் குறைவதில் பெரும்பகுதி நீரே. ஊறுகாயும் அப்பளமும் சற்று மிகுந்தால், உப்பினால் உடலில் நீர் தங்கி, மறுநாள் எடை கூடியதுபோல் தோன்றும். உடல் மெலிய மெலிய அதன் தேவையும் குறைவதால், சில வாரங்கள் எடை அசையாமல் நிற்பதும் உண்டு. ஆகவே அன்றாடம் எடை பார்த்து மனம் கலங்க வேண்டாம். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலை உணவுக்கு முன் பார்த்தால் போதும்.

சென்னை ஆய்வு உணர்த்திய உண்மை

எடை குறையாவிட்டால் முயற்சி வீண்தானா? இதற்கு விடை நம் தமிழகத்திலேயே கிடைத்துள்ளது. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரிடம் நடத்திய ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களில் ஒரு பிரிவினருக்கு மாத்திரை தரவில்லை. சர்க்கரை, தீட்டிய தானியம், கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்து, நார்ச்சத்து மிகுந்த உணவை உண்டு, நாளும் அரைமணி நேரம் நடக்குமாறு அறிவுறுத்தினர்.

மூன்று ஆண்டுகளில், இத்தகைய அறிவுரை பெறாத பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர்; அறிவுரை பெற்ற பிரிவில் அது 39 ஆகக் குறைந்தது. வியப்பு என்னவெனில், இவர்களுடைய சராசரி எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை! கருவி காட்டும் எண் மாறும் முன்பே, நல்லுணவும் நடையும் உள்ளே தம் பணியைத் தொடங்கிவிடுகின்றன.

அறுபதைக் கடந்தோர் கவனத்துக்கு

முதுமையில் எடை வேகமாகக் குறைந்தால், கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் கால் தளரும். தடுக்கி விழும் அபாயம் கூடும். எனவே சோற்றின் அளவைக் குறைக்கும்போது பருப்பு, சுண்டல், மோர், காய்கறி ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பேரையூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் குதிரைவாலி நல்ல உணவே. ஆயினும், சிறுதானியம் என்பதற்காக அளவின்றி உண்டால் அதுவும் எடையைக் கூட்டும்.

பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. சர்க்கரைப் பொங்கலை உள்ளங்கை அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். நெய் மணக்கும் அழகர்கோவில் தோசையை நால்வராகப் பகிர்ந்து உண்டால் அருளும் குறையாது, உடலும் கனக்காது. விரத நாளில் சோற்றை விலக்கிவிட்டு, சவ்வரிசி உப்புமாவும் பஜ்ஜியுமாக வயிற்றை நிரப்புவது விரதமாகாது. இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் உணவையோ மருந்தையோ நிறுத்தக் கூடாது. முயற்சி ஏதுமின்றி எடை தானே குறைந்தால், அதை மகிழ்ச்சியாகக் கொள்ளாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நடப்பதற்கு நம் ஊரில் இடமா இல்லை? மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதிகளும், வண்டியூர்த் தெப்பக்குளக் கரையும், திருப்பரங்குன்றத்துக் கிரிவலப் பாதையும் நம்மை அழைக்கின்றன. நாமம் சொல்லி நடந்தால் நேரம் போவதே தெரியாது.

பலனை அளக்க எடைக் கருவி ஒன்றுதான் உண்டு என்பதில்லை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நலம். ஆடவர்க்கு அரைஞாண் கயிறு சற்றுத் தளர்வதும், பெண்டிர்க்கு ரவிக்கை இறுக்கம் குறைவதும், கோயில் படி ஏறும்போது மூச்சு வாங்காமல் இருப்பதும் நற்குறிகளே.

முன்பு இழிவென்று எண்ணிய உடம்புக்குள்ளேயே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டு, பின் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் உரைக்கிறார். கோயில் திருப்பணி ஒரே நாளில் முடிவதில்லை. அன்றன்றைய வேலையைச் செவ்வனே செய்து வந்தால், குடமுழுக்கு நாள் தானே வரும். அன்னை மீனாட்சி அதற்குரிய பொறுமையை நமக்கு அருள்வாளாக.