குடியிருப்போர் சங்கத் தேர்தல்

குடியிருப்போர் சங்கத் தேர்தல் என்பது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, குடியிருப்பு நகர் அல்லது தெருவைச் சேர்ந்த வீட்டு உரிமையாளர்களும் குடியிருப்போரும் தமது சங்கத்தின் செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும் நடைமுறை ஆகும். தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் ஆகியோர் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பராமரிப்புக் கட்டணத்தை வசூலித்தல், காப்பு நிதியைக் கையாளுதல், மின்தூக்கி, தண்ணீர், காவல், துப்புரவு ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களை வழங்குதல் முதலியன இக்குழுவின் பொறுப்பில் உள்ளன.

சட்டமன்றத் தேர்தலையும் உள்ளாட்சித் தேர்தலையும் நடத்துவதற்குத் தனித்த ஆணையங்கள் உள்ளன. சங்கத் தேர்தலுக்கு அத்தகைய அமைப்பு இல்லை. பெரும்பாலான சங்கங்களில் பதவியில் இருப்போரே வாக்காளர் பட்டியலைத் தயாரித்து, கூட்டத்தைக் கூட்டி, வாக்குகளையும் எண்ணுகின்றனர். இத்தேர்தல்கள் குறித்து எழும் பிணக்குகளில் பல இந்த அமைப்பிலிருந்தே தோன்றுகின்றன.

வகைகள்

தமிழ்நாட்டில் இச்சங்கங்களை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் சங்கம். இதன் உறுப்பினர்கள் நிலத்தின் பிரிக்கப்படாத பங்கையும் பொது இடங்களையும் கூட்டாக உடையவர்கள். வீட்டை வாங்கியவர் சங்கத்தின் முடிவுகளிலிருந்தும் கட்டணங்களிலிருந்தும் எளிதில் விலகி நிற்க இயலாது.

இரண்டாவது, தெரு அல்லது நகர் நலச் சங்கம். தனி வீடுகள் நெருங்கி அமைந்த பழைய பகுதிகளில் இவ்வகை காணப்படும். மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள செல்லூர், நெசவாளர்கள் நெடுங்காலமாக வாழும் இத்தகைய பகுதியாகும். இவ்வகைச் சங்கங்களில் சேர்வது அவரவர் விருப்பம். வாடகைக்குக் குடியிருப்போரும் பலர் இருப்பதால், யார் உறுப்பினர் என்ற வினாவே முதற்சிக்கலாகிறது.

நலச் சங்கத்துக்குச் சட்டப்படியான அதிகாரம் குறைவு. ஆயினும் சாக்கடை, குடிநீர், வாய்க்கால் தூர்வாருதல் போன்றவற்றுக்காக மாநகராட்சியிடம் மனு அளிக்கும்போது, சங்க நிர்வாகிகள் தெருவின் குரலாகக் கருதப்படுகின்றனர். 2024 அக்டோபரில் பெய்த கனமழையின்போது செல்லூர்க் கண்மாய் நிரம்பிக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வேளையில் எந்தத் தெருவின் கோரிக்கை முதலில் முன்வைக்கப்படுகிறது என்பது, அத்தெருவின் சார்பில் பேசுபவர் யார் என்பதையும் பொறுத்தது. நலச் சங்கங்கள் வேறு, மாநகராட்சியின் பகுதி சபைகள் வேறு. பகுதி சபைகள் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. தமிழ்நாட்டில் இவை 2022 முதல் கூட்டப்படுகின்றன.

சட்டப் பின்னணி

இச்சங்கங்களில் பெரும்பாலானவை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யப்படுகின்றன. சங்கம் தொடங்கக் குறைந்தது 7 பேர் தேவை. செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மிகக்கூடாது. நிர்வாகிகள் மாறும்போது படிவம் 7 இல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளுக்கு இவற்றுடன் தனிச்சட்டமும் உண்டு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 1994 க்கு மாற்றாக 2022 ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு 2024 இல் நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசின் 2016 ஆம் ஆண்டுக் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், மாநிலச் சட்டம் வேறு வகை செய்யாத நிலையில், பெரும்பான்மையான வீடுகளுக்கு முன்பதிவு முடிந்த 3 மாதங்களுக்குள் சங்கம் அமைக்கப்பட வேண்டும் என்கிறது.

இச்சட்டங்கள் வெளிச்சட்டகத்தை மட்டுமே தருகின்றன. வேட்புமனு, வாக்குச்சீட்டு, எண்ணிக்கை ஆகியவற்றின் நுணுக்கங்களைச் சங்கத்தின் துணைவிதிகளே பெரிதும் தீர்மானிக்கின்றன. துணைவிதிகள் இவற்றைக் கூறாதபோது வழக்கமும் செல்வாக்கும் அவ்விடத்தை நிரப்புகின்றன.

வரலாற்று முன்னோடி

வீட்டுரிமையையும் பொதுப்பொறுப்பையும் இணைத்த தேர்வுமுறைக்குத் தமிழகத்தில் பழைய சான்று உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (பொ.ஊ. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வாரிய உறுப்பினராக விரும்புபவர் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராக இருத்தல் வேண்டும். வயது 35 முதல் 70 வரை என 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டு வரையறுக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களது குறிப்பிட்ட உறவினர்களும் தகுதியற்றவர்கள்.

குடவோலையைத் தேர்தல் எனக் கூறுவது முழுவதும் பொருந்தாது. அது வாக்களிப்பு அன்று, திருவுளச்சீட்டு. பிரமதேய ஊரின் பிராமண நிலவுடைமையாளர்களுக்கு மட்டுமே அது உரியது. ஆயினும் குடத்தை அவையோர் அனைவரும் காணுமாறு உயர்த்திக் காட்டுதல், ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தல், எடுத்த பெயரைப் பலரும் வாய்விட்டு வாசித்தல், கணக்குக் காட்டாதவரை விலக்குதல் ஆகிய ஏற்பாடுகள், தேர்வை நடத்துபவரை நம்பியே ஆக வேண்டிய நிலையைக் குறைக்கும் நோக்கம் கொண்டவை. இன்றைய சங்கத் தேர்தல் சீர்திருத்தங்களின் நோக்கமும் இதுவே.

வெளிப்படையும் மறைவும்

தேர்தலில் வெளிப்படையாக இருக்க வேண்டியது நடைமுறை. மறைவாக இருக்க வேண்டியது தனிமனிதரின் வாக்கு. பல சங்கங்களில் இவ்விரண்டும் இடம் மாறியுள்ளன. கை உயர்த்தி வாக்களிக்கும் முறையில் யார் யாரை எதிர்த்தார் என்பது அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலோ செயலாளரின் கையேட்டில் மட்டும் இருக்கிறது.

பொதுத்தேர்தலில் வாக்காளர் வேட்பாளரை மீண்டும் சந்திப்பது அரிது. சங்கத் தேர்தலிலோ இருவரும் ஒரே படிக்கட்டில் நாள்தோறும் ஏறி இறங்குபவர்கள். தம் வீட்டுக் குழாய்ப் பழுதுக்குச் செயலாளரை நாட வேண்டியவர், அவர் முன்னிலையில் எதிராகக் கை உயர்த்தத் தயங்குவார். எனவே சிறிய அமைப்பில் மறைவாக்கு தேவையற்றது என்னும் கருத்து சரியன்று. அங்கேதான் அதன் தேவை மிகுதி.

பொதுவான குறைபாடுகள்

வாக்காளர் பட்டியல்: கட்டண நிலுவை உள்ளவருக்கு வாக்கில்லை எனப் பல துணைவிதிகள் கூறுகின்றன. நிலுவைக் கணக்கைப் பதவியில் இருப்போரே வைத்திருப்பதால், தேர்தல் நாளன்று சிலரின் பெயரை நீக்க இது இடமளிக்கிறது. நிலுவை விவரத்துடன் பட்டியலை முன்கூட்டியே ஒட்டி, ஆட்சேபணைக்கும் நிலுவையைச் செலுத்துவதற்கும் கால அளவு வழங்குவது இதற்கான தீர்வாகும்.

பதிலாள் வாக்கு: வெளியூரில் இருப்பவர் தம் வாக்கை இன்னொருவரிடம் ஒப்படைப்பது பதிலாள் முறை. எடுத்துக்காட்டாக, 60 வீடுகள் உள்ள சங்கத்தில் 26 பேர் நேரில் வருவதாகவும், வராத 14 பேரின் பதிலாள் படிவங்கள் செயலாளரிடம் இருப்பதாகவும் கொள்வோம். நேரில் வந்தவர்களில் 19 பேர் எதிர்த்து, செயலாளர் உட்பட 7 பேர் மட்டுமே ஆதரித்தாலும், செயலாளர் தரப்பு 21–19 என வெல்லும்.

வாக்கின் மதிப்பு: ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு என்பது ஒரு முறை. உடைமைப் பங்குக்கு ஏற்ப வாக்கு என்பது மற்றொன்று. கர்நாடகத்தின் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பான்மையைப் பங்கு விழுக்காட்டைக் கொண்டு கணக்கிடுகிறது. 50 வீடுகளில் விற்காத 10 பெரிய வீடுகள் கட்டுநரிடம் இருந்து, அவை நிலத்தில் பாதிப் பங்கைப் பெற்றிருந்தால், முதல் முறையில் அவருக்கு 20 விழுக்காடும் இரண்டாம் முறையில் 50 விழுக்காடும் வாக்குகள் கிடைக்கும்.

பிற நாடுகளின் சீர்திருத்தங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2005 இல் இயற்றி 2006 சூலையில் நடைமுறைப்படுத்திய சட்டம், வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கு மறைவாக்கைக் கட்டாயமாக்கியது. வாக்குச்சீட்டு பெயரற்ற உள்ளுறையில் இடப்படும்; அது பெயரும் கையொப்பமும் கொண்ட வெளியுறையில் வைக்கப்படும். வெளியுறையைக் கொண்டு வாக்காளரின் தகுதி சரிபார்க்கப்படும். உள்ளுறைகள் பிரிக்கப்பட்டபின் எந்தச் சீட்டு யாருடையது என்பது தெரியாது. செயற்குழு உறுப்பினரோ வேட்பாளரோ அல்லாத 1 அல்லது 3 ஆய்வாளர்கள் உறுப்பினர்கள் பார்க்கத் திறந்த கூட்டத்தில் வாக்குகளை எண்ண வேண்டும்.

தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூரில், 2017 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஒருவர் ஏற்கக்கூடிய பதிலாள் வாக்குகளை மொத்த வீடுகளில் 2 விழுக்காடு அல்லது 2 வீடுகள், இவற்றுள் எது மிகுதியோ அதற்குள் வரையறுத்தது.

மின்னணு வாக்களிப்பு

வெளியூர் உறுப்பினர்களின் பங்கேற்பைக் கூட்ட இணையவழி வாக்களிப்பு உதவுகிறது; பதிலாள் வாக்கின் தேவையையும் குறைக்கிறது. கலிபோர்னியா 2025 முதல் இதனை அனுமதித்துள்ளது. ஆனால் செல்லிடப்பேசிச் செய்திக் குழுக்களில் நடத்தப்படும் கருத்துக்கணிப்பு தேர்தலுக்கு ஈடாகாது. அவற்றில் வாக்களித்தவரின் பெயர் பிறருக்குத் தெரியக்கூடும். குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது நிர்வாகியின் கையில் உள்ளது. ஒரே வீட்டிலிருந்து பலர் வாக்களிப்பதையும் தடுக்க இயலாது.

முறையான மென்பொருளிலும், வாக்காளரை அடையாளம் காணும் பதிவும் வாக்கின் பதிவும் ஒரே தரவுத்தளத்தில் இணைந்திருந்தால், அதனை நிர்வகிப்பவர் வாக்குகளைப் பார்க்க முடியும். இரட்டை உறை முறை காகிதத்தில் செய்யும் பிரிப்பை மென்பொருளும் செய்தல் வேண்டும். காகிதச் சீட்டை மறுமுறை எண்ணலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. மின்னணு முறையில் அதற்கு நிகரான தணிக்கைப் பதிவு இல்லையெனில், முடிவை நம்புவதைத் தவிர உறுப்பினருக்கு வேறு வழியில்லை.

பிணக்குத் தீர்வு

செயற்குழுப் பெரும்பான்மையினரோ மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களோ விண்ணப்பித்தால், 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36 ஆம் பிரிவின்படி சங்கத்தின் அமைப்பு, செயற்பாடு, நிதிநிலை குறித்துப் பதிவாளர் விசாரிக்கலாம், தாமாகவும் விசாரிக்கலாம். ஆனால் இரு தரப்பினர் தாமே வென்றதாகப் படிவம் 7 அளிக்கும்போது, உண்மையில் வென்றவர் யார் என்பதை இறுதியாகத் தீர்மானிக்க வேண்டியது உரிமையியல் நீதிமன்றமே எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வழக்கு முடியுமுன் 3 ஆண்டுப் பதவிக்காலமே முடிந்துவிடக்கூடும். அதற்குள் காப்பு நிதி செலவிடப்பட்டும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியும் இருக்கும். ஆகவே தேர்தலுக்குப் பிந்தைய தீர்வைவிட, முன்கூட்டியே வகுத்த விதிகள் பயனுள்ளவை.

துணைவிதித் திருத்தம்

துணைவிதிகளைப் பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானத்தின் மூலம் திருத்தலாம். இதற்கு நான்கில் மூன்று பங்குப் பெரும்பான்மை வேண்டும். திருத்தம் பதிவாளரிடம் பதிவு செய்யப்பட வேண்டும். பொதுவாக முன்மொழியப்படும் திருத்தங்கள்:

1. வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்குக் குறித்த நாட்களுக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் வெளியிடுதல்.
2. போட்டியிடாத, பதவியில் இல்லாத ஒருவரைத் தேர்தல் அலுவலராகப் பொதுக்குழுவே நியமித்தல்.
3. வாக்குச்சீட்டு மூலம் மறைவாக வாக்களித்தல்.
4. ஒருவர் ஏற்கும் பதிலாள் வாக்குகளுக்கு உச்சவரம்பு விதித்தல்.
5. உறுப்பினர் முன்னிலையில் எண்ணி, செல்லாத வாக்குகள் உட்பட முழு விவரத்தை அன்றே வெளியிடுதல்.
6. வாக்குச்சீட்டுகளை முத்திரையிட்டுக் குறித்த காலம் பாதுகாத்தல்.
7. தணிக்கை செய்த கணக்கைத் தேர்தலுக்கு முன்னரே பொதுக்குழுவில் வைத்தல்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவைத் திரட்டுவதே கடினமான பகுதி. பதவியில் இருப்போர் விரும்பாதபோது அது மேலும் கடினமாகிறது. எனவே சங்கம் தொடங்கும்போதே, எவரும் பதவியில் அமராத நிலையில், இவ்விதிகளைத் துணைவிதிகளில் சேர்ப்பது எளிது.