எதற்காக இந்தத் தண்டனை?

குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் காவலர்கள் உட்படப் பலரும் குண்டுக்குப் பலியான கோபம் அன்று ஆறியிருக்கவில்லை. உயிருக்கு உயிர் என்ற பழைய நியாயம்தான் அந்தத் தீர்ப்பில் எனக்குக் கேட்கிறது.

அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு. அவரவர் பங்குக்கேற்ற தண்டனை என்ற அளவுகோல் உள்ளே வந்தது. நால்வரில் நளினியின் தூக்கு 2000-இல் ஆயுளானது.

மற்ற மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. 2011-இல் அவற்றை நிராகரித்து, செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் மக்கள் மன்றத்தைச் சேர்ந்த செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். மூவரின் உயிர்காக்க உயிர் கொடுக்கும் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அதுவும் தூக்குக்கயிற்றின் கணக்குதான். இரண்டு நாளில் சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதித்தது.

2014 பிப்ரவரி 18 அன்று நீதிபதி சதாசிவம் அமர்வு மூவரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தது. குற்றத்தின் கனம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. முடிவெடுக்காமல் இழுத்தடித்ததே காரணம். 1999-இல் தூக்கை உறுதிசெய்த அமர்வின் தலைவர் கே.டி.தாமஸே, இத்தனை ஆண்டு சிறைக்குப் பிறகு தூக்கிலிட்டால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகும் என்று பின்னாளில் சொன்னார்.

திருத்தம் என்ற பேச்சு கடைசியில்தான் எழுந்தது. 2022 மே 18 அன்று, மூவரில் ஒருவரான பேரறிவாளனை விடுவிக்கும்போது, சிறையில் அவர் படித்த படிப்பையும் நன்னடத்தையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள். விடுதலைக்குப் பல ஆண்டுகள் முன்பே வேலூர் சிறைக்குப் போய் நளினியைப் பார்த்தார் ராஜீவின் மகள் பிரியங்கா. அது நாடறிந்த செய்தி. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் அன்றிரவு பணியில் இறந்த காவலர்களின் வீட்டாரிடம், எது நடந்தால் மனம் ஆறும் என்று கேட்க இந்தத் தண்டனைக் கோட்பாடுகள் எதிலும் வழியில்லை.

விடுதலையான இலங்கைத் தமிழர் நால்வரும் திருச்சி சிறப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சாந்தன், ஊர் திரும்பும் முன்பே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் இறந்தார். அந்த முகாம் வாசம் சட்டப்படி தண்டனையே அல்ல.