கடல் அமைதியா தெரியுற இடம்

பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனவங்க அந்த வெள்ளை வளைவைப் பார்க்காம வந்திருக்க முடியாது. பாதிப் பேர் அதுக்கு முன்னாடி நின்னு போட்டோவும் எடுத்திருப்பீங்க. எத்தனையோ தமிழ்ப் படத்துல வந்திருக்கு. ஆனா அது என்னன்னு கேட்டா, "ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம்"னுதான் பதில் வரும். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.

அது ஒரு நினைவுச்சின்னம். ஷ்மிட்னு ஒரு டென்மார்க் மாலுமி. 1930 டிசம்பர் 30ஆம் தேதி அந்த இடத்துக்குப் பக்கத்துல, கடல்ல சிக்கினவங்களைக் காப்பாத்தப் போய், அவரே மூழ்கிட்டார். அவர் காப்பாத்தின பெண் அன்னிக்கு ராத்திரியே ஒரு விருந்துல எதுவுமே நடக்காத மாதிரி சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க, அதைப் பார்த்து நொந்துபோய்த்தான் கவர்னர் இந்தச் சின்னத்தைக் கட்டச் சொன்னார்னு ஊர்ல ஒரு கதை உண்டு. கல்வெட்டுல அந்தக் கதை எதுவும் இல்ல. பேர், தேதி, மத்தவங்க உயிரைக் காப்பாத்த உதவும்போது மூழ்கினார்ங்கிற செய்தி, அவ்வளவுதான்.

இன்னிக்கு எபிசோட் அந்தச் சின்னத்துக்கு நேர் எதிர்ல, தண்ணியில நடக்கிறதைப் பத்தி.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்க உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுட்டு இருந்தேன். காலேஜ் பசங்க ஏழெட்டுப் பேர் இடுப்பளவு தண்ணியில. ரோந்து வந்த போலீஸ்காரர் விசில் அடிச்சார்.

"தம்பி, மேல வாங்கப்பா."

"சார், முட்டி வரைக்கும்தான் சார் நிக்கிறோம்."

"வாங்கன்னா வாங்கப்பா, போர்டு போட்டிருக்குல்ல?"

வந்தாங்க. அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் திரும்ப இறங்கிட்டாங்க. பக்கத்துல இருந்த ஒரு அம்மா கேட்டதுக்கு ஒரு பையன் சொன்னான்: "எங்க உயிர்தானே ஆன்ட்டி, நாங்க பார்த்துக்கறோம்." திமிராச் சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். உண்மையிலேயே அப்படித்தான் நம்புறான்.

அந்த நம்பிக்கையில ரெண்டு தப்பு இருக்கு. முதல்ல "முட்டி வரைக்கும்"ங்கிறது.

அலைங்க கரைக்கு ஓயாம தண்ணியைக் கொண்டுவந்து கொட்டுது. அந்தத் தண்ணி திரும்பிப் போகணும்ல? கடலுக்கு அடியில கரையோரமா மணல் திட்டுகள் இருக்கும். அதுல எங்க ஒரு இடைவெளி இருக்கோ, அங்க தண்ணி எல்லாம் சேர்ந்து, ஒரு குறுகலான வாய்க்கால் மாதிரி கடலை நோக்கி ஓடும். இதுதான் ரிப் கரண்ட். சாதாரணமா நொடிக்கு 1, 2 அடி வேகம். சில நேரம் 8 அடி வரைக்கும் அளந்திருக்காங்க. ஒலிம்பிக்ல தங்கம் வாங்குறவரே முழு மூச்சா நீந்தினாலும் எதிர்த்துப் போக முடியாத வேகம் அது.

இதுல பயங்கரம் என்னன்னா, அந்த வாய்க்கால்ல ஆழம் கூட. அதனால அங்க அலை உடையாது. ரெண்டு பக்கமும் வெள்ளை நுரையா அடிச்சிட்டு இருக்கும், நடுவுல ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் கருத்து, அமைதியா தெரியும். குழந்தையைக் கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பாங்க? அலை அடிக்காத அந்த இடத்தைத்தான். போர்டுல "ஆபத்தான பகுதி, குளிக்காதீர்கள்"னு இருக்கும். எது ஆபத்துன்னு சொல்லாத போர்டை, கண்ணுக்கு அமைதியா தெரியுற கடல் சுலபமா ஜெயிச்சிடும். போர்டு வைக்கிறவங்க மேல எனக்கு இருக்கிற வருத்தம் அதுதான்.

முட்டியளவு தண்ணியிலயும் நிலைமை மாறும். அலை பின்வாங்கும்போது கால் அடியில மணல் அரிச்சுக்கிட்டுப் போறதை எல்லாரும் உணர்ந்திருப்போம். அலைங்க ஒரே அளவுலயும் வராது. கொஞ்ச நேரம் சின்னதா வரும், அப்புறம் நாலஞ்சு பெருசா அடுத்தடுத்து வரும். முதல் பெரிய அலையில விழுந்தவர் எழுந்திருக்கிறதுக்குள்ள ரெண்டாவது வந்துடும். உடைஞ்ச பாலம் பக்கம், அடையாறு கடல்ல சேருற முகத்துவாரத்துல இதைவிட மோசம். அலையோட ஆத்துத் தண்ணியோட இழுப்பும் சேர்ந்துக்கும்.

இப்ப ரெண்டாவது தப்பு, "எங்க உயிர்தானே"ங்கிறது. ஒருத்தர் இழுபட்டதும் கரையில நிக்கிறவங்க சும்மா இருப்பாங்களா? அண்ணன் குதிப்பான், ஃப்ரெண்ட் குதிப்பான், யாருன்னே தெரியாத ஒருத்தர் சட்டையைக் கழட்டிட்டு ஓடுவார். அதே வாய்க்காலுக்குள்ளதான் அவங்களும் போறாங்க. மூழ்குறவர் பயத்துல வந்தவரோட கழுத்தைப் பிடிச்சுக்குவார். காப்பாத்தப் போனவரே பலியாகிறதுக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தனிப் பேரே வச்சிருக்காங்க, அவ்வளவு சகஜம். ஷ்மிட் ஒரு மாலுமி. கடல்லயே பிழைப்பு நடத்தினவர். அவரே திரும்பி வரல.

இன்னொரு சம்பவம் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். 2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச். திருச்சியில மருத்துவம் படிச்ச 5 பேர் மூழ்கி இறந்தாங்க. கல்யாணத்துக்கு வந்தவங்க. "கள்ளக்கடல்" எச்சரிக்கை இருந்ததால பீச்சை மூடியிருந்தாங்க. இவங்க பக்கத்துத் தென்னந்தோப்பு வழியா உள்ள போனாங்க. கள்ளக்கடல்ங்கிறது, இந்தியப் பெருங்கடலோட தெற்குக் கோடியில எழும்புற பெரிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்க வந்து சேர்றது. உள்ளூர்ல காத்தும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவா இருக்கும்போதே கடல் திடீர்னு ஏறும். டாக்டருக்குப் படிக்கிற பசங்க, முட்டாள் கிடையாது. மூடின கேட்டைப் பார்த்தவங்களுக்கு, அது ஏன் மூடியிருக்குன்னு தெரியல.

சென்னையில காணும் பொங்கலுக்கு மெரினாவுலயும் எலியட்ஸ்லயும் போலீஸ் தடுப்பு கட்டி, தண்ணிப் பக்கமே யாரையும் விட மாட்டாங்க. புது வருஷ ராத்திரியும் அப்படித்தான். "வருஷத்துல ஒரு நாள், அதையும் கெடுக்கறாங்க"ன்னு நானே புலம்பியிருக்கேன். ஷ்மிட் இறந்ததும் இதே டிசம்பர் கடைசியிலதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் கடல் அது.

சரி, மாட்டிக்கிட்டா என்ன செய்யறது? ரிப் கரண்ட் ஆளைக் கீழ இழுக்காது, வெளிய இழுக்கும். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடுறவங்கதான் சோர்ந்து மூழ்குறாங்க. மல்லாந்து மிதங்க, கையைத் தூக்கிக் காட்டுங்க. பெரும்பாலும் அலை உடையற எல்லையைத் தாண்டினதும் இழுப்பு தளரும். நீந்தத் தெரிஞ்சா கரைக்கு இணையா, பக்கவாட்டுல நீந்தி அந்தப் பட்டையிலேர்ந்து வெளிய வந்துட்டு, அப்புறம் அலையோட சேர்ந்து கரைக்கு வாங்க. நீச்சல் குளத்துல 20 தடவை போய்ட்டு வர்ற பழக்கம் இங்க பெருசா உதவாது.

கரையில நிக்கிறீங்களா, குதிக்காதீங்க. மூடி போட்ட காலி வாட்டர் கேன், கயிறு, மிதக்கிற எதையாவது தூக்கிப் போடுங்க. ஒருத்தர் 112க்குப் போன் பண்ணட்டும், இன்னொருத்தர் ஊரூர் குப்பத்துப் பக்கம் ஓடட்டும். அங்க மீனவர்களுக்கு இந்தக் கடலோட ஒவ்வொரு இழுப்பும் தெரியும். நீரோட்டத்தை அவங்க வெள்ளம்னு சொல்வாங்க. எந்தத் திசையில ஓடுதுங்கிறதை வச்சு தெண்டி, வன்னின்னு தனித்தனிப் பேரே உண்டு. படகை இறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அவங்க கரையில நின்னு கடலைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

இன்னொண்ணு. மூழ்குறவங்க சினிமால வர்ற மாதிரி கத்த மாட்டாங்க. மூச்சு எடுக்கவே நேரம் இருக்காது, எங்கேர்ந்து கத்தறது? தலை பின்னால சாய்ஞ்சு, வாய் தண்ணி மட்டத்துல, சத்தமே இல்லாம இருந்தா விளையாடுறாங்கன்னு நினைச்சுடாதீங்க.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, போட்டோ எடுத்த பிறகு ஷ்மிட் மேடையிலயே ஒரு 10 நிமிஷம் நில்லுங்க. தரையை விட கொஞ்சம் உயரம், கடல் நல்லா தெரியும். நுரைக்கு நடுவுல நுரையே இல்லாத பட்டை எங்க இருக்குன்னு தேடுங்க. அது தினமும் ஒரே இடத்துல இருக்காது. இருக்கிற நாள்ல, அதுக்கு நேர் எதிர் மணல்ல யாராவது பேன்ட்டை மடிச்சுவிட்டுக்கிட்டு இருப்பாங்க.