பழைய புல்லட் வழியில் நின்றால்

மணாலியிலிருந்து லே போகும் வழி. 5,000 மீட்டருக்கும் மேல் உயரமான மலைச்சாலை. பழைய புல்லட் நின்றுவிட்டது. பக்கத்தில் மெக்கானிக் இல்லை. என்ன செய்வது?

முதலில் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். வளைவில் லாரி வரும். பீடி, சிகரெட் வேண்டாம்.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? குழாய் திறந்திருக்கிறதா? பாருங்கள்.

அடுத்தது மின்பொறி. இன்ஜின் சூடு ஆறட்டும். பெட்ரோல் குழாயை மூடுங்கள். பிளக்கைக் கழற்றி, மறுபடி அதன் ஒயரில் மாட்டுங்கள். பிளக் இருந்த துளைக்குத் தள்ளி, இன்ஜின் உலோகத்தைத் தொடும்படி வையுங்கள். கையால் பிடிக்காதீர்கள். ஷாக் அடிக்கும். சாவியைப் போட்டு, கிக்கரை உதையுங்கள். நீலப் பொறி வந்தால் பிளக் சரி.

பொறி வரவில்லையா? பிளக்கைப் பாருங்கள். மலை உயரத்தில் காற்று குறைவு. பெட்ரோல் முழுவதும் எரியாது. பிளக்கில் கரி படியும். துடையுங்கள், அல்லது வேறு பிளக் போடுங்கள்.

அப்படியும் பொறி இல்லையா? சாவியை அணைத்துவிட்டு பாயிண்டைத் திறந்து பாருங்கள். எண்ணெய், கரி இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள்.

ஹாரனும் அடிக்கவில்லையா? ஃபியூஸ் போயிருக்கலாம். பேட்டரி ஒயர் கழன்றிருக்கலாம்.

ஒரு பிளக், ஒரு ஃபியூஸ், பிளக் ஸ்பேனர். இந்த மூன்றும் பையில் இருக்கட்டும். பயப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கோளாறு பிடிபடும்.