அம்மாவின் கைப்பேசியில் ஒரு கார்

வானொலியில் தினமும் காலையில் போக்குவரத்து நிலவரம் வாசிப்பவள் நான். எந்தச் சாலையில் நெரிசல், எங்கே விபத்து என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். ஆனால் பத்து பாகாட்டில் தனியாக இருக்கும் என் அம்மா, நான்கு மாதங்களாக வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். நம் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் குளுவாங் போக வேண்டும். எங்கள் தாமானிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு வெயிலில் நடக்க அவரால் முடியாது. அதனால் நானே புதுக் கைப்பேசி வாங்கி, வாடகைக் கார் அழைக்கும் செயலி ஒன்றைப் போட்டு, என் வங்கி அட்டையையும் அதில் இணைத்துக் கொடுத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்ற நிம்மதியோடு கோலாலம்பூருக்குத் திரும்பினேன்.

தீபாவளிக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அம்மா அதை ஒருமுறைகூடத் தொடவில்லை.

"ஏம்மா?" என்றேன்.

"எழுத்தெல்லாம் சின்னதா இருக்கு. தப்பா அமுக்கி, ஒருத்தர் வந்து காத்திருந்து சும்மா திரும்பிப் போனா பாவம் இல்லையா? காசு வேற உன் அட்டையில போகும். நான் கோயிலுக்குப் போக நீ ஏம்மா கட்டணும்?"

அன்றிரவு, கல்லூரியில் எப்போதோ படித்த ஒரு கருத்து நினைவுக்கு வந்தது. 1998-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் ஒரு தத்துவச் சிந்தனையாளரும்கூட. அவர் சைக்கிளை உதாரணம் காட்டுவார். சைக்கிள் ஒரு பொருள். ஓட்டத் தெரிந்தவருக்கும் ஓட்டும் உடல்நிலை உள்ளவருக்கும்தான் அது பயணமாகிறது. நடக்க முடியாதவரிடம் அதே சைக்கிளைக் கொடுத்தால், பொருள் கையில் இருக்கும்; பயணம் இருக்காது. ஒருவரிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காதே, அதை வைத்து அவரால் என்ன செய்ய முடிகிறது என்று பார் என்பதுதான் அவர் சொல்வது. நான் அம்மாவுக்குக் கொடுத்தது பொருள் மட்டும்தான்.

சைக்கிள் என்றதும் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1990-களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, அங்கே அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்த ஒரு விவரம் சுவையானது. பெண்களுக்கென்று செய்த சைக்கிள் இருக்க, சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். காரணம், அதன் முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்! வடிவமைத்தவர் சேலையை நினைத்தார். ஓட்டியவர் பிள்ளையை நினைத்தார்.

இன்று நம் இளைஞர்கள் பலர் 'புரொடக்ட் மேனேஜர்' வேலையில் இருக்கிறார்கள். ஒரு செயலி யாருக்கு, எதற்கு என்று முடிவு செய்கிற வேலை அது. அந்த முன்கம்பியைப் பார்க்கத் தெரிவதுதான் அந்த வேலையின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2012-இல் அந்தோனி டானும் டான் ஹூய் லிங்கும் தொடங்கிய 'மைடெக்சி'தான் பின்னாளில் 'கிராப்' ஆனது. வாடகைக் காரில் தனியாகப் போகும் பெண் பயமில்லாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற கவலையும் அதன் தொடக்கத்தில் இருந்தது.

மறுநாள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டு, கேட்க ஆரம்பித்தேன். எங்கே போக ஆசை? எது தடுக்கிறது? யாரோடு போனால் தைரியம்? பதில்கள் எளிமையாக இருந்தன. வெள்ளிக்கிழமை கோயில். பக்கத்து வரிசை வீட்டு அக்காவும் போக வாகனமின்றித் தவிக்கிறார். இருவரும் பலசரக்குக் கடை வாசலில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கலாம்.

இப்போது வெள்ளிக்கிழமை மாலை நான் கோலாலம்பூரிலிருந்து காரை அழைக்கிறேன். வண்டி எண்ணைப் போனில் சொல்கிறேன். அம்மா அதைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக்கொள்கிறார். கட்டணம் ரொக்கம், அம்மாவும் அக்காவும் பாதிப் பாதி. என் அட்டைக்கு வேலையே இல்லை. முதல் வாரம் கோயிலிலிருந்து அழைத்து, "வந்து சேர்ந்துட்டோம்மா" என்றபோது அம்மாவின் குரலில் பழைய உற்சாகம் இருந்தது.

சாலை நெரிசலை இன்றும் வாசிக்கிறேன். ஆனால் அந்த அறிக்கையில் சாலைக்கு வந்தவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். வர முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எந்தக் கேமராவும் காட்டாது. எந்தச் செயலியும் கணக்கில் எடுக்காது. அவர்களைக் கண்டுபிடிக்க வீட்டில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

இந்த ஞாயிறு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், "கைப்பேசி வேலை செய்யுதா?" என்று கேட்காதீர்கள். "கடைசியா எங்கே போனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.