குற்றை விழுங்கும் திரை: மொனிட்டரின் பிரிதிறன் பிழைத்தால் என்ன செய்வது?

2007 மார்ச்சில் படுவான்கரையை விட்டு ஓடியவர்களில் பலரால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வர முடிந்தது, பத்திரங்களைக் கொண்டுவர முடியவில்லை. பிறகு எடுத்த பிறப்புச் சான்றிதழிலும், அடையாள அட்டையிலும், காணி ஆவணத்திலும், காணாமற்போன பிள்ளை பற்றிய முறைப்பாட்டிலும் ஒரே பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினால் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், திரும்ப வெல்லாவெளிப் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும், அன்றைய கூலியும் போய்விடும்.

அந்தப் பெயரை அடிக்கும் கணினியைக் கொஞ்சம் பாருங்கள். கொமினிகேசன் கடையானாலும் சங்கத்து அலுவலகமானாலும் மேசையில் இருப்பது பெரும்பாலும் பாவித்த ஒரு பெட்டியும், வேறெங்கிருந்தோ வந்த ஒரு மொனிட்டரும்தான். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் “மொனிட்டர் பழசு, அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். ஆங்கிலம் மங்கினாலும் ஒருமாதிரி வாசித்துவிடலாம். தமிழ் அப்படியல்ல. ‘ப’வுக்கும் ‘ப்’புக்கும் இடையில் இருப்பது ஒரு குற்று மட்டுமே. மங்கிய திரையில் குற்று விழுந்த எழுத்தும் விழாத எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும், ‘ர’வும் காலும் கலந்துவிடும். ‘கந்தப்பன்’ என்று அடித்ததாக நினைத்தது ‘கந்தபபன்’ என்று அச்சாகி வரும்போதுதான் பிழை தெரியும். சில வேளை அப்போதும் தெரியாது.

இத்தனைக்கும் பல இடங்களில் மொனிட்டரில் பழுதே இல்லை. பழைய குண்டு மொனிட்டர் எந்த அளவில் படம் அனுப்பினாலும் ஓரளவு சமாளித்துக் காட்டியது. இப்போதைய தட்டையான எல்.சி.டி. திரையில் புள்ளிகள் எண்ணி வைக்கப்பட்டவை. 18.5 அங்குல மொனிட்டர்கள் பெரும்பாலும் அகலத்தில் 1366, உயரத்தில் 768 புள்ளிகள் கொண்டவை. 21.5 அங்குலத்தில் பொதுவாக 1920×1080. சதுரமாகத் தோன்றும் பழைய 17, 19 அங்குலத் திரைகளில் 1280×1024. இந்த எண்ணிக்கையைத்தான் பிரிதிறன் என்கிறோம். கணினி அதே எண்ணிக்கையில் படம் அனுப்பினால் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் நிற்கும். குறைத்து அனுப்பினால் மொனிட்டர் இழுத்துப் பரப்பி நிரப்பும். அந்த இழுவையில்தான் குற்று கரைகிறது.

இழுவையால் முகமும் கெடும். 1024×768 என்ற படத்தை 1366×768 திரையில் பரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். பழைய அடையாள அட்டைப் படமொன்றை ஸ்கான் செய்து பெரிதாக்கித் தரச் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு படம் மட்டுமாக இருக்கலாம். திரையில் முகம் அகன்று தெரிவதால், அடிப்பவர் நல்லெண்ணத்தில் அதைக் கொஞ்சம் ஒடுக்கிவிடுவார். அச்சில் வருவது வேறொருவரின் ஒல்லி முகம். இதைச் சோதிப்பது இலகு. பெயின்ற் செயலியில் ஷிப்ற் விசையை அழுத்திக்கொண்டு ஒரு சதுரம் வரைந்து, திரையின் மேலேயே அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். இரு பக்கமும் சமமில்லை என்றால் திரை பொய் சொல்கிறது.

சரியான அளவை எங்கே தெரிவு செய்வது? விண்டோஸ் 10இல் வெறும் திரையில் வலப்பக்கச் சொடுக்கு, பிறகு டிஸ்பிளே செற்றிங்ஸ். பட்டியலில் ‘ரெக்கமெண்டட்’ என்று பக்கத்தில் எழுதியிருப்பதே உங்கள் மொனிட்டருக்குரிய அளவு. எழுத்து சிறிதாகிவிட்டதே என்று இதைக் குறைக்காதீர்கள். கண் மங்கியவர்கள் பலர் செய்வது இதைத்தான், அதனால் எழுத்து பெருத்து, கூடவே குழம்பியும் போகிறது. அதே பக்கத்தில் ‘ஸ்கேல்’ என்று 125, 150 வீதங்கள் இருக்கும். அதைக் கூட்டினால் எழுத்து தெளிவு கெடாமல் பெருக்கும்.

உரிய அளவு பட்டியலிலேயே இல்லை என்பதுதான் பெரிய தலைவலி. (1366க்குப் பதிலாக 1360×768 இருந்தால் கவலைப்படாமல் அதையே தெரிவு செய்யுங்கள், சில பழைய கணினிகளுக்கு 1366 என்ற எண் ஒத்துவராது.) இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டிவைஸ் மெனேஜரைத் திறந்தால் எது என்று தெரிந்துவிடும்.

‘டிஸ்பிளே அடாப்டர்ஸ்’ என்பதன் கீழ் ‘மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தால், புதிதாக விண்டோஸ் போட்டவர் கிராபிக்ஸ் ட்ரைவரைப் போடாமல் விட்டிருக்கிறார். இணைய இணைப்பு இல்லாவிட்டால் கைத்தொலைபேசியை யு.எஸ்.பி. வயரால் இணைத்து, ரெதரிங் செய்து, விண்டோஸ் அப்டேற்றை ஓடவிடுங்கள். டேட்டா நூற்றுக்கணக்கான எம்.பி. போகலாம், போதுமான பக்கேஜ் போட்டபின் தொடங்குங்கள். தேடும்போது முன்னால் வந்து விழும் ‘ட்ரைவர் அப்டேற்றர்’ செயலிகளைத் தொடவே வேண்டாம். கணினியை, அல்லது அதன் கிராபிக்ஸ் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளம் போதும்.

மற்றக் காரணம் கேபிள். மொனிட்டர் தன்னால் என்னென்ன அளவு காட்ட முடியும் என்ற குறிப்பை ஒரு சின்னச் சிப்பில் வைத்திருக்கிறது. ஈ.டி.ஐ.டி. எனப்படும் அந்தக் குறிப்பின் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைற். கேபிள் வழியாகக் கணினி அதை வாசித்த பின்பே அளவுகளைப் பட்டியலிடும். வாசிக்க முடியாவிட்டால் 1024×768 போன்ற பொது அளவுகளுடன் நின்றுவிடும். டிவைஸ் மெனேஜரில் ‘மொனிட்டர்ஸ்’ என்பதன் கீழ் ‘ஜெனரிக் நொன் பி.என்.பி. மொனிட்டர்’ என்று இருந்தால் குறிப்பு வந்து சேரவில்லை என்று பொருள்.

வி.ஜி.ஏ. கேபிளில் மூன்று வரிசையாக 15 ஊசிகள். குறிப்பைக் கொண்டுபோவது கடைசி வரிசையில் உள்ள 12ஆம், 15ஆம் ஊசிகள். அவை வளைந்தாலோ, மலிவுக் கேபிளில் இல்லாமல் போனாலோ படம் வரும், குறிப்பு வராது. நடு வரிசையில் 9ஆம் ஊசி பல கேபிள்களில் இருக்காது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வாவிப் பக்கத்து ஈரத்தில் ஊசிகளில் களிம்பும் பிடிக்கும். இரண்டையும் நிறுத்தி, கேபிளைக் கழற்றித் துடைத்துச் செருகி, திருகாணியை இறுக்கி, முதலில் மொனிட்டரையும் பிறகு கணினியையும் போடுங்கள். சரிவராவிட்டால் பக்கத்து வீட்டுக் கேபிளை ஒரு மணித்தியாலம் இரவல் வாங்குங்கள்.

வி.ஜி.ஏ. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முறை. 2015உடன் அதைக் கைவிடுவதாக இன்டெல், ஏ.எம்.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் 2010இலேயே அறிவித்துவிட்டன. அதனால் புதிய பெட்டியில் எச்.டி.எம்.ஐ. மட்டும், பழைய மொனிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும் என்று மாட்டிக்கொள்கிறோம். நடுவே போடும் மாற்றி, உள்ளே மின்சுற்று உள்ளதாக இருக்க வேண்டும். வெறும் வயர் மாற்றியால் படமே வராது, மலிவு மாற்றிகளில் சில படத்தைத் தந்து குறிப்பைத் தடுத்துவிடும்.

ரி.வி.யை மொனிட்டராகப் பாவிப்பவர்களுக்கு ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், அது ரி.வி.யின் வேலை. ரிமோட்டில் படத்தின் அளவை ‘ஜஸ்ட் ஸ்கான்’ அல்லது ‘ஸ்கிரீன் பிற்’ என்று மாற்றினால் சரி. வி.ஜி.ஏ. படம் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் மொனிட்டரின் ‘ஓட்டோ’ பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். ‘அவுட் ஒப் ரேஞ்ச்’ என்று எழுதித் திரை கறுத்தால் பதற்றம் வேண்டாம், எதையும் தொடாமல் 15 விநாடி பொறுத்தால் விண்டோஸ் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

வேறொரு கணினியிலும் வேறொரு கேபிளிலும் அதே கோடுகள், அதே மங்கல் என்றால்தான் மொனிட்டர் பழுது. அப்போது பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். போகும்போது உங்கள் கேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் தன் கேபிளைச் செருகிப் பார்த்து, “எல்லாம் சரியாகத்தானே இருக்கு” என்று திருப்பித் தந்துவிடுவார்.