கண்ணகி சிலம்பில் மாணிக்கம், பாண்டிமாதேவி சிலம்பில் முத்து... உங்க முத்துக் கம்மல் பத்திரமா இருக்கா?

கூடலூர்க்காரங்களுக்குச் சித்ரா பௌர்ணமின்னா மங்கலதேவி கண்ணகி கோயில்தான். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், பளியங்குடியிலிருந்து காட்டுக்குள் ஏறிப் போகணும். பாதி ஏத்தத்திலேயே வேர்த்துக் கொட்டும். அந்தக் கூட்டத்தில் யாராவது முத்து மாலையோடு வந்தால், 'கழற்றிப் பையில வைங்க'ன்னு சொல்லத் தோணும்.

ஏன்னா, முத்து கல்லே இல்லை.

சிலப்பதிகார வழக்கையே எடுத்துக்கோங்க. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். கொற்கை முத்துத்துறையையே கையில் வைத்திருந்த பாண்டியர் வீட்டில் முத்துப் பரல் இருந்ததில் ஆச்சர்யம் இல்லை. ஆனால், கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் மாணிக்கத்துக்கு 9. முத்துக்கு 2.5-லிருந்து 4.5 வரைதான். நம்ம நகமே கிட்டத்தட்ட 2.5! வீட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகளுக்கு 7. அதாவது, தூசி படிந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே முத்தில் கீறல் விழும்.

சிப்பியின் உடம்புக்குள் ஒட்டுண்ணி மாதிரி ஏதாவது நுழைந்தால், சிப்பி தன் ஓட்டின் உள்பக்கம் பூசும் அதே பொருளை அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூசுகிறது. 'மணல் விழுந்து முத்தாச்சு' என்பதெல்லாம் பெரும்பாலும் கதைதான். அந்த அடுக்குகள் கால்சியம் கார்பனேட்டும் கொஞ்சம் புரதமும் சேர்ந்தவை. மெல்லிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அந்த மினுமினுப்பு.

முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட்தான். முட்டையை வினிகரில் போட்டு ஓடு கரைவதைப் பார்த்திருப்பீங்க. முத்துக்கும் அதே கதி. எங்க அம்மாச்சி ஒருமுறை முத்துக் கம்மலில் தங்கம் மங்கிப்போச்சுன்னு எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் ஊற வெச்சுட்டாங்க. தங்கம் பளிச்னு ஆச்சு. முத்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்துப் போச்சு. போன மினுமினுப்பை எந்தப் பாலிஷும் திருப்பித் தராது. அதனால எலுமிச்சை, புளி, வினிகர், டூத்பேஸ்ட் எதுவும் முத்து பக்கமே வரக் கூடாது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை சாப்பிட்ட பிசுபிசு கையோடும் தொடாதீங்க, அதுவும் அமிலம்தான்.

பெர்ஃப்யூம், ஹேர் ஸ்பிரே, சானிட்டைசர் எல்லாம் போட்டுக் காய்ந்த பிறகு, கடைசியாக முத்தைப் போடுங்க. வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுங்க. சுத்தமான பழைய வேட்டித் துணியை லேசா நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். பெட்டியில் மற்ற நகைகளோடு குவிக்காமல், தனியா காட்டன் துணியில் சுற்றி வைங்க. காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் வருஷக்கணக்கா லாக்கரில் கிடந்தால் காய்ந்து விரிசல் விடலாம். அப்பப்போ எடுத்துப் போட்டுக்கிறதே நல்லது. நகைக்கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தால், அல்ட்ராசோனிக் மெஷினில் போட வேண்டாம்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க.

மாலைன்னா நூலையும் கவனிக்கணும். ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. அறுந்தால் ஒண்ணுதான் உருளும், மொத்தமும் கொட்டாது. ஆணியில் தொங்கவிட்டால் நூல் இழுபடும்.

'கல்ச்சர்டு' என்றால் போலின்னு நினைக்கிறவங்க நிறைய பேர். அப்படி இல்லை. சிப்பிக்குள் மனிதர்கள் கருவை வைக்கிறாங்க, பூசுற வேலை சிப்பியோடதுதான். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். 1973-ல் பக்கத்திலுள்ள வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்த்துக் காட்டியது. இன்றைக்குக் கடைகளில் அதிகம் கிடைப்பது சீனாவின் நன்னீர் முத்து. அதுவும் நிஜ முத்துதான். போலி என்பது கண்ணாடி, பிளாஸ்டிக் மணிமேல் பூச்சு அடித்தது. பல்லில் மெதுவா உரசினால் நிஜ முத்து லேசா நறநறக்கும், போலி வழுக்கும். துளை ஓரத்தில் பூச்சு உரிந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

முதல்முறை வாங்குறீங்கன்னா கம்மலோ டாலரோ வாங்குங்க. மோதிரமும் வளையலும் நாளெல்லாம் எதிலாவது இடிபடும். ஜாதகத்துக்காக முத்து மோதிரம்தான் போடணும்னா, முத்து மேலே துருத்தாமல் சுற்றிலும் உலோக விளிம்பு வைத்துச் செய்யச் சொல்லுங்க. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது கழற்றி வெச்சிடுங்க. எங்க வெச்சீங்கன்னு மட்டும் மறந்துடாதீங்க.